ஊசி குத்திக்கலாமா? அக்குபங்சரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

போன வருஷம் ஐப்பசியில் பெரியம்மாவிடமிருந்து போன். "ஏம்ப்பா, நீதான் கண்டதையும் படிக்கிறியே. இந்த முட்டி வலிக்கு ஊசி குத்திக்கலாமா வேணாமா? ஒத்த வார்த்தையில சொல்லு."

ஒற்றை வார்த்தையில் சொல்ல வரவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தவன், ரெண்டு மாசம் கழித்துத்தான் எழுந்தேன். அதற்குள் அவர் பத்து தடவை போய்வந்துவிட்டார். வலி கொஞ்சம் குறைந்திருந்தது. கூடவே வேறொரு வினையும் வந்து சேர்ந்திருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் படித்தது.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

ஊசி என்றவுடன் நம் கண்முன் வருவது ஆஸ்பத்திரி ஊசி. அது துளையுள்ள குழாய், மருந்து உள்ளே போக வேண்டுமே. அக்குபங்சர் ஊசியில் துளையும் கிடையாது, மருந்தும் கிடையாது. வெறும் எஃகுக் கம்பி. தடிமன் பெரும்பாலும் 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர். சாதாரண இஞ்செக்‌ஷன் ஊசி இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அதனால் எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், அவ்வளவுதான். சில இடங்களில் அதுவும் தெரியாது. ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊசியை விட்டு, குழாயைத் தோல்மேல் நிறுத்தி, ஊசியின் தலையில் விரலால் ஒரு தட்டு. இந்தக் குழாய் உத்தி சீனாவுடையது இல்லை, 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் வாழ்ந்த சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற வைத்தியருடையது. கண் தெரியாதவர் குத்துவதற்குச் செய்த ஏற்பாடு இன்று எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. குழாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

குத்தியபின் ஊசியை லேசாகத் திருகுவார்கள். அப்போது அந்த இடத்தில் ஒரு கனம், மந்தமான குடைச்சல், சிலருக்கு மின்சாரம் ஓடுவது போல ஒரு மதமதப்பு. சீனத்தில் இதற்கு 'தே ச்சி' என்று பெயர், 'ச்சி' வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு 20, 30 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். பலர் தூங்கிவிடுவார்கள். எழுந்ததும் சிலருக்குத் தலை கிறுகிறுக்கும், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். குத்திய இடத்தில் ஒரு துளி ரத்தமோ சின்னக் கன்றலோ வரலாம். ஊசி பிரிக்காத பாக்கெட்டிலிருந்து உங்கள் கண்முன் எடுக்கப்பட வேண்டும், வேலை முடிந்ததும் தூக்கியெறியப்பட வேண்டும். இதில் சமரசமே கூடாது.

இடத்தை அளப்பது சுவாரஸ்யமானது. அளவுகோல் நோயாளியின் உடம்புதான். உங்கள் கட்டைவிரல் அகலம் ஒரு 'சுன்'. முழங்காலுக்குக் கீழே மூன்று சுன் இறங்கி, எலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளினால் 'ஸூ சான் லி'. காலின் மூன்று லி என்று அர்த்தம், லி என்பது சீன தூர அளவு. களைத்துப்போனவன் இந்த இடத்தைத் தூண்டிக்கொண்டால் இன்னும் மூன்று லி நடப்பான் என்று ஒரு கதை உண்டு. இப்படிப் பாரம்பரியக் கணக்கில் 361 புள்ளிகள், அவை 14 பாதைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

குத்துவதற்கு முன்னால் நாக்கை நீட்டச் சொல்வார்கள், நாடி பார்ப்பார்கள். நாடி நமக்குப் புதிதில்லை. சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார். சீன வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார், ஆனால் இரண்டு கையிலும் வைத்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வோர் உறுப்பு என்று கணக்கிடுவார். ஒரே மணிக்கட்டு, ஒரே மூன்று விரல், இரண்டு வேறு வரைபடம். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியுமா என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. அமெரிக்காவில் ஆறு அக்குபங்சர் நிபுணர்களிடம் முதுகுவலிக்காரர்கள் ஆறு பேரை ஒரே நாளில் தனித்தனியாகக் காட்டிப் பார்த்தார்கள். அதே நோயாளிக்கு ஆளுக்கொரு புள்ளிப் பட்டியல் வந்தது. ஆக, "உங்க கல்லீரல் ச்சி அடைச்சிருக்கு" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். அது ரத்தப் பரிசோதனையில் தெரியும் கல்லீரல் நோய் இல்லை. அடுத்த தெருவில் இருப்பவர் மண்ணீரல் என்று சொல்லக்கூடும்.

5000 ஆண்டுப் பழமை?

விளம்பரப் பலகைகளில் இந்த 5000 தவறாமல் இருக்கும். கிடைத்திருக்கும் சான்று வேறு சொல்கிறது. சீனாவின் மவாங்துயி என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973இல் திறந்தார்கள். உள்ளே பட்டில் எழுதிய மருத்துவ நூல்கள். உடலில் ஓடும் பாதைகள் பற்றி இருக்கிறது, மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது பற்றி இருக்கிறது, ஊசி குத்துவதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அதற்குப் பின்னால் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' நூலில்தான் ஊசி விரிவாக வருகிறது. சுமார் 2000 ஆண்டு என்று சொல்லலாம். அதுவே பெரிய வயசுதான், 5000 எதற்கு?

தொடர்ச்சியாகக் கொண்டாடப்பட்டதும் இல்லை. 1822இல் தாவ்குவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபங்சரை விலக்கிவிட்டார். இன்று உலகம் முழுக்கச் 'சீனப் பாரம்பரிய மருத்துவம்' என்று பாடத்திட்டத்தோடு கற்பிக்கப்படுவது 1950களில் மாவோ அரசு ஒழுங்குபடுத்தி உருவாக்கியது. கோடிக்கணக்கான மக்கள், கைவிட்டு எண்ணும்படி நவீன மருத்துவர்கள். இருக்கிற வைத்தியர்களைப் பயன்படுத்தாமல் வேறு வழியில்லை. மாவோ தனக்கு அந்த மருந்துகளில் நம்பிக்கை இல்லையென்று சொன்னதாக அவருடைய மருத்துவர் லி ஜிசுய் பின்னாளில் எழுதினார்.

'மெரிடியன்' என்ற சொல்லும் சீனத்தில் இல்லை, அது சூலியே த மொரான் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த மொழிபெயர்ப்பு. 'ச்சி'யை 'எனர்ஜி' ஆக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்குண்டு. நாம் அதை மறுபடி 'சக்தி ஓட்டம்' என்று தமிழாக்கி, ஏற்கெனவே நமக்குத் தெரிந்த விஷயம்போல ஏற்றுக்கொண்டோம். காதில் குத்தும் முறையில் தலைகீழாகக் கிடக்கும் குழந்தையின் படம் ஒன்று போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அது லியோன் நகரத்து மருத்துவர் போல் நோஜியே 1950களில் வரைந்தது. பிரெஞ்சுச் சரக்கு சீனாவுக்குப் போய்ச் சீனப் பழமையாகத் திரும்பி வந்திருக்கிறது.

இந்தியாவுக்கு வந்த கதை தனி. 1938இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது சீனாவுக்கு உதவ காங்கிரஸ் அனுப்பிய ஐந்து டாக்டர்களில் கோட்னிஸை எல்லோருக்கும் தெரியும், அங்கேயே 1942இல் இறந்தவர். அதே குழுவில் போன பிஜய் குமார் பாசு திரும்பி வந்தார். 1950களின் இறுதியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்று, கல்கத்தாவில் தொடங்கினார். பாசு அலோபதி டாக்டர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அலை எழுந்தது ஒரு குடல்வால் அறுவையால். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் இருந்தபோது அவருக்கு அவசர அறுவை. மயக்க மருந்தே இல்லாமல் ஊசி குத்தி ஆபரேஷன் செய்தார்கள் என்றுதான் இன்றும் பலர் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவருடைய கட்டுரையைப் படித்தால், வழக்கமான மரப்பு ஊசி போட்டுத்தான் அறுவை நடந்திருக்கிறது. மறுநாள் இரவு வயிறு உப்பி வேதனைப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசிகள். ஒரு மணி நேரத்துக்குள் அழுத்தம் தளர்ந்ததாக எழுதினார். வயிற்று அறுவைக்குப் பிறகு வரும் வாயு தானாகவும் கலையும். ஊசியால் கலைந்ததா, தானாகவா? ஒரு ஆளை வைத்து இதைச் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஆய்வுகள்.

பல்குச்சியும் ஊசியும்

இந்த இடம்தான் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

மாத்திரையைச் சோதிப்பது சுலபம். ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு அதே நிறத்தில் மாவு மாத்திரை. ஊசிக்குப் பொய் ஊசி எப்படிச் செய்வது? குத்தினாரா இல்லையா என்று படுத்திருப்பவருக்குத் தெரியாதா? இதற்கு மூன்று வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது. இரண்டு, நாடகக் கத்திபோல உள்ளே மடங்கிக்கொள்ளும் ஊசி. ஸ்ட்ரைட்பெர்கர் என்ற ஜெர்மானியர் 1998இல் வெளியிட்டது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: அந்தக் குழாய்க்குள் பல்குச்சி. நோயாளி கவிழ்ந்து படுத்திருக்கிறார். குழாயை வைத்து, பல்குச்சியால் சுருக்கென்று தட்டி, திருகி, எடுத்துவிடுவார்கள். தோலைத் துளைப்பதே இல்லை.

இந்தப் பல்குச்சி ஆய்வு 2009இல் அமெரிக்காவில் வெளிவந்தது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 638 பேர், நான்கு குழு. ஒரு குழுவுக்கு நாடி பார்த்து அவரவருக்கென்று தேர்ந்த புள்ளிகள். இரண்டாவது குழுவுக்கு எல்லோருக்கும் ஒரே புள்ளிகள். மூன்றாவதுக்குப் பல்குச்சி. நான்காவதுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். எட்டு வாரம் கழித்து, அன்றாட வேலைகளில் முதுகு எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான மதிப்பெண் எவ்வளவு குறைந்தது? முறையே 4.4, 4.5, 4.4. வழக்கமான மருத்துவத்தில் 2.1.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நாடி பார்த்ததற்கும் பார்க்காததற்கும் வித்தியாசம் இல்லை. குத்தியதற்கும் பல்குச்சியால் தொட்டதற்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் மூன்றுமே வழக்கமான சிகிச்சையைவிட இரண்டு மடங்கு.

ஜெர்மனியில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் 1162 பேரை வைத்து நடந்த முதுகுவலி ஆய்வும் (2007) இதே ராகம்தான். ஆறு மாதம் கழித்து நல்ல பலன் கண்டவர்கள்: உண்மையான அக்குபங்சரில் 47.6 சதவீதம், போலிப் புள்ளிகளில் மேலோட்டமாகக் குத்தியதில் 44.2, மாத்திரையும் பிசியோதெரபியுமான வழக்கமான சிகிச்சையில் 27.4.

அப்போ ஊசிக்கும் இடத்துக்கும் ஒரு பயனுமே இல்லையா? சின்னதாக இருக்கிறது என்கிறார் ஆண்ட்ரூ விக்கர்ஸ். அவரும் கூட்டாளிகளும் 29 தரமான ஆய்வுகளிலிருந்து 17,922 நோயாளிகளின் தரவை ஒன்றுசேர்த்து 2012இல் வெளியிட்டார்கள். முதுகு, கழுத்து, தோள், மூட்டுத் தேய்மானம், தலைவலி. அவர்கள் கொடுத்த எடுத்துக்காட்டு இது: ஆரம்பத்தில் 100க்கு 60 வலி இருக்கிறவர்கள். அக்குபங்சர் செய்யாதவர்களுக்கு அது 43 ஆகும். போலி ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு 35. நிஜ ஊசிக்கு 30.

இந்த நான்கு எண்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 60இலிருந்து 43: இது காலமும் வழக்கமான மருந்துகளும் செய்தது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதானே வைத்தியரைத் தேடுகிறோம்? உச்சத்திலிருந்து எப்படியும் இறங்கத்தான் செய்யும். 43இலிருந்து 35: ஒருவர் அரை மணி நேரம் நம் வலியைப் பற்றிக் கேட்டது, தொட்டது, அமைதியாகப் படுக்கவைத்தது, 'இது குணமாக்கும்' என்ற எதிர்பார்ப்பு. 35இலிருந்து 30: ஊசியும் புள்ளியும். அந்த ஐந்திலும் ஒரு பகுதி சந்தேகத்துக்குரியது, ஏனென்றால் நிஜ ஊசி குத்துகிறவருக்குத் தான் நிஜமாகக் குத்துகிறோம் என்று தெரியும். அந்தத் தெம்பு முகத்தில் தெரியாமலா இருக்கும்? மறுபக்கத்தார் சொல்வதையும் சொல்லிவிட வேண்டும். போலி ஊசியும் தோலிலுள்ள நரம்பைத் தூண்டத்தான் செய்கிறது, அதை ஒன்றுமில்லாததாகக் கருதக் கூடாது என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. குத்தினால் உடம்பு சும்மா இருப்பதில்லை. பெய்ஜிங்கின் ஹான் ஜிஷெங் 1960களிலிருந்து செய்த ஆய்வுகள், ஊசி வழியே மின்துடிப்பு கொடுத்தால் மூளையும் தண்டுவடமும் தம்முடைய சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்கின்றன என்று காட்டின.

என் முடிவு: வலிக்கு அக்குபங்சர் ஏமாற்று இல்லை, அதிசயமும் இல்லை. 60 இருந்த வலி 30 ஆனால் அது 30தான், யார் செய்தது என்று முழங்கால் கேட்பதில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் விளக்கம், அதாவது நாடியில் அடைப்பைக் கண்டுபிடித்து அந்த ஒரே புள்ளியைத் திறந்தேன் என்பது, சோதனையில் நிற்கவில்லை. விளக்கம் நிற்காதபோது, அந்த விளக்கத்தை வைத்து வேறு நோய்களுக்கு நீட்டுவதும் நிற்காது. இதுதான் இந்தக் கட்டுரை முழுக்கவும்.

எதற்கு, எத்தனை தடவை?

அரசு அமைப்புகளே ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியில் 2007இலிருந்து முதுகுவலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் அரசுக் காப்பீடு பணம் கொடுக்கிறது. அமெரிக்க மெடிகேர் 2020இலிருந்து நாள்பட்ட முதுகுவலிக்கு மட்டும் கொடுக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் முதுகுவலிக்குப் பரிந்துரைத்து, 2016இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு வேண்டாம் என்றது. ஆனால் மைக்ரேன் அடிக்கடி வராமல் தடுக்கவும், காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கும் முயன்று பார்க்கலாம் என்கிறது. எல்லோரும் பார்ப்பது கிட்டத்தட்ட அதே எண்களைத்தான். 43ஓடு ஒப்பிட்டால் ஆம், 35ஓடு ஒப்பிட்டால் இல்லை.

மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் உள்ளே இருக்கும் 'நெய் குவான்' புள்ளிக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. அறுவைக்குப் பிந்தைய குமட்டல், வாந்தியை அந்த இடத்தைத் தூண்டுவது குறைக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

குழந்தைப்பேற்றுக்கு? நம் ஊரில் பி.சி.ஓ.டி. பெண்கள் நிறையப் பேர் இதற்காகப் பணம் கட்டுகிறார்கள், அதனால் அழுத்தியே சொல்கிறேன். சீனாவிலேயே 1000 பெண்களை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வில், அக்குபங்சரால் குழந்தை பிறப்பு விகிதம் கூடவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஐ.வி.எஃப். பெண்கள் 848 பேரை வைத்துச் செய்து 2018இல் வந்ததில், ஊசிக் குழுவில் 18.3 சதவீதம், போலி ஊசியில் 17.8. வித்தியாசம் இல்லை. முதல் ஆய்வு எனக்கு இன்னொரு விதத்தில் முக்கியம். 1998இல் இதே விக்கர்ஸ், சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகள் ஒன்றுவிடாமல் 'வெற்றி' என்றே முடிவதைக் காட்டியிருந்தார். எல்லாப் பந்தும் சிக்ஸர் என்றால் ஸ்கோர் எழுதுகிறவர்மேல் சந்தேகம் வருமா வராதா? அதே சீனாவிலிருந்து 'பலனில்லை' என்று ஆயிரம் பேர் ஆய்வு வருவது நல்ல சகுனம்.

சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், புற்றுநோய், கிட்னி: மருந்துக்குப் பதிலாக ஊசி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எத்தனை தடவை என்பதற்கு மெடிகேரின் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. 90 நாளில் 12 முறை, முன்னேற்றம் இருந்தால் இன்னும் 8, இல்லையென்றால் நிறுத்து. நீங்களும் முதல் நாளே வலிக்கு 10க்கு ஒரு எண் போட்டு எழுதிவையுங்கள். மாடிப்படி எத்தனை ஏற முடிகிறது என்றும் எழுதுங்கள். ஆறு முறைக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். அசையவில்லையென்றால் போதும். முன்பணம் கட்டும் 30 தடவை பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். "வலி கூடுதா? அதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பார்கள். கூடினாலும் வெற்றி, குறைந்தாலும் வெற்றி என்றால் தோல்வி எப்படித்தான் தெரியும்?

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல், ஒரே புள்ளியை விரலால் தொட்டு அனுப்பும் முறை பரவலாக இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகள் பல ஊசி குத்தி அரை மணி நேரம் படுக்கவைத்த சிகிச்சையைப் பற்றியவை, இதற்கு அப்படியே பொருந்தாது. "பல்குச்சியே வேலை செஞ்சுதே, விரல் செய்யாதா?" என்று கேட்டால், வலிக்குச் செய்யலாம், மறுக்க மாட்டேன். தைராய்டுக்குச் செய்யும் என்பதற்குப் பல்குச்சி சாட்சி சொல்லாது.

கப்பிங், மோக்ஸா, குவா ஷா

சுருக்கமாக. கப்பிங் என்பது கிண்ணத்தால் தோலை உறிஞ்சி இழுப்பது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் முதுகில் வட்ட வட்டமாகப் பார்த்தோமே, அது. அந்தக் கருஞ்சிவப்பு 'வெளியே வந்த நச்சு' இல்லை, நுண்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்த உங்கள் ரத்தம்தான், சாதாரணக் கன்றல். தசைப்பிடிப்புக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் வகையில் தொற்று அபாயம் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு பக்கமும் போகக் கூடாது.

மோக்ஸா என்பது நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலைப் பஞ்சைச் சுருட்டிக் கொளுத்திப் புள்ளிக்கு அருகே காட்டுவது. சூடும் மணமும் சுகம், தீக்காயம் ஜாக்கிரதை. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் காலில் இதைச் செய்துகொள்ளவே கூடாது, சுடுவது தெரியாது. குவா ஷா என்பது எண்ணெய் தடவி வழவழப்பான விளிம்பால் சிவக்கச் சுரண்டுவது. வியட்நாமில் இதையே நாணயத்தால் செய்வார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பங்களில் பிள்ளைகளின் முதுகுக் கோடுகளைப் பார்த்து, அடித்திருக்கிறார்கள் என்று மருத்துவர்கள் தவறாக நினைத்த சம்பவங்கள் உண்டு.

உண்மையான ஆபத்து மூலிகையில்

ஊசியின் ஆபத்து குறைவு. ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கண்காணித்ததில் 8.6 சதவீதத்தினருக்கு ஏதோவொரு பக்கவிளைவு, பெரும்பாலும் கன்றலும் வலியும். இரண்டே பேருக்கு நுரையீரல் குத்துப்பட்டு நெஞ்சுக்குள் காற்று புகுந்தது. நெஞ்சிலும் மேல் முதுகிலும் ஆழமாகக் குத்த அனுமதிக்காதீர்கள். குத்திக்கொண்ட அன்று மூச்சுத் திணறினால் நேராக ஆஸ்பத்திரி.

மூலிகை வேறு கதை. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஓர் உடல் இளைப்பு நிலையத்துக்குப் போன பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் சுருங்கிச் செயலிழந்தது. மருந்தில் 'ஹான் ஃபாங் ஜி' என்ற சீன மூலிகை இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 'குவாங் ஃபாங் ஜி' வந்து சேர்ந்திருந்தது. பெயரில் பாதி ஒன்று, செடி வேறு. இரண்டாவது அரிஸ்டோலோக்கியா இனம். சுமார் நூறு பேர் பாதிக்கப்பட்டார்கள், பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம். கெட்டுப்போன சிறுநீரகங்களை எடுத்துவிட ஒப்புக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்தது 2000இல் தெரியவந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வகம் இதை உறுதியான புற்றுக்காரணிகளின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது.

நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஆடுதின்னாப்பாளை இதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். ஈசுவரமூலியும் அப்படியே. ஆடு ஏன் தின்னவில்லை என்று யோசித்திருக்கலாம்.

அதே சீன மூலிகை மரபிலிருந்துதான் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் வந்தது என்பதும் உண்மை. 4ஆம் நூற்றாண்டின் கே ஹோங் எழுதிய குறிப்பில், மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று அதிலிருந்து ஊகித்தார் தூ யூயூ. குளிர்ச்சியாகவே ஈதரில் பிரித்தெடுத்தார், 2015இல் நோபல் வாங்கினார். பழைய நூல் வழி காட்டியது. பிறகு பிரித்து, அளந்து, சோதித்துத்தான் மருந்தானது. இலையைக் கிள்ளி வாயில் போடுவதற்கும் அதற்கும் நடுவே இருக்கும் தூரம் பெரியது. பெயர் சீட்டில்லாத பொடி எதையும் வாங்காதீர்கள்.

பெரியம்மா

அவருக்கு நாடி பார்த்தவர், ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, "சர்க்கரை மாத்திரைதாம்மா முட்டியைக் கெடுக்குது. நிறுத்திப் பாருங்க, உடம்பு தானா சரிபண்ணிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். பெரியம்மா படிப்பறிவில்லாதவர் இல்லை, 31 வருஷம் கணக்கு டீச்சர். ஆனாலும் நிறுத்திவிட்டார். ஐந்து வாரம். யாரிடமும் சொல்லவில்லை. செருப்புக் கடித்த புண் ஆறாமல் கால் வீங்கியபோதுதான் அண்ணன் தூக்கிக்கொண்டு ஓடினான். சர்க்கரை 312. விரல் தப்பியது. புண் ஆற ரெண்டரை மாசம் ஆனது.

"ஏன் பெரியம்மா?" என்று கேட்டேன்.

"முட்டி வலி குறைஞ்சுதே. அது சொன்னபடி நடந்தா இதுவும் நடக்கும்னு தோணுச்சு."

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. முட்டியில் சம்பாதித்த நம்பிக்கையைச் சர்க்கரையில் செலவழிக்க வைத்துவிட்டார்கள். நான் ரெண்டு நாளில் பதில் சொல்லியிருந்தால் என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போதும் ஊசி குத்திக்கொள்கிறார், வேறு இடத்தில். இயற்கை மருத்துவத்தில் பி.என்.ஒய்.எஸ். பட்டம் படித்த ஒரு பெண் டாக்டர். முதல் நாளே மாத்திரைப் பட்டியலைக் கேட்டு வாங்கி, "இதுல எதையும் நிறுத்தக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதிக்கொடுத்தாராம். பெரியம்மா பழைய மார்க் லிஸ்ட் நோட்டு ஒன்றில் வாராவாரம் வலிக்கு மதிப்பெண் போடுகிறார். ஆரம்பத்தில் 7. போன வாரம் 4. மாடிப்படி பதினாலும் ஏறினாராம், நடுவில் ஒரு தடவை மட்டும் நின்று.

"பாஸ்தானே?" என்றார் போனில். 'எட்டாவது வாரம் மறுபடி பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கிறேன்.